மாமனார் இடுப்பும் மருமகள் காலும்

ரமணி மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் ஆட்கள் நான்கு பேர். இப்போது ஐந்து. ஐந்தாவது, மாமனாரின் இடுப்பு வலி.

அதற்கென்று தனிக் கட்டில் இருந்தது. மெத்தை, எண்ணெய், ஒற்றட மூட்டை எல்லாம் தனி. வீட்டில் யார் எப்படி நடமாட வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. பெருக்கும்போது தூசி கிளம்பக் கூடாது. தூசி கிளம்பினால் மாமா தும்முவார். தும்மினால் வலி இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை ஓடும். ஓடினால் பிரிக்பீல்ட்ஸ் ரயில் குவார்ட்டர்ஸ் முழுவதும் கேட்கும்.

மாமனார் வேலாயுதம் கிள்ளான் பாதையில் ரயில் ஓட்டுகிற டிரைவர். ஒரு நாள் ஷெட்டில் குனிந்து எஞ்சின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். நிமிரும்போது இடுப்பில் ஏதோ சுருக்கென்றது. 'வாயு' என்றார் ஃபயர்மேன். அந்த வாயு மறுநாள் தொடைக்கு இறங்கியது, அப்புறம் கணுக்காலுக்கு. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மட்டும், "இது சயாட்டிகா. அசையாம படுக்கணும்" என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார். பெயர் தெரிந்ததில் மகன் விஜயனுக்கு ஒரு திருப்தி. வலிக்குத் தன் பெயரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

சீன வைத்தியரின் கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டினார்கள்; உரித்தபோது ரோமம் வந்தது, வலி வரவில்லை. மலாய்க்காரர் ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். பக்கத்து வீட்டு வீரம்மா நொச்சி இலை கொண்டுவந்தாள். மாமியார் நல்லம்மாள் பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டாள். மாமா அதற்குள் சேற்றில் எருமை போலப் புதைந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நாளைத் திங்கட்கிழமையைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. நாளைக் காலையில் அவர் ரயில்வே டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும். ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் ஆள் குறைக்கும் காலம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த விஜயனுக்கு ஏற்கெனவே வேலை போயிருந்தது. மாமாவும் தேறவில்லை என்றால் வேலையோடு இந்த வீடும் போகும். அதற்கப்புறம் ஊருக்குத் திருப்பி அனுப்பும் நாகப்பட்டினம் கப்பல்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ரமணி பிறந்து வளர்ந்தது கிள்ளானில். நாகப்பட்டினம் அவளுக்கு வெங்காயச் சாக்கின் மேல் அச்சடித்த ஒரு பெயர், அவ்வளவுதான்.

"ஒத்திகை பாத்துடலாம்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார் மாமா.

"என்ன ஒத்திகை? நாடகமா போடப் போறீங்க?" என்றாள் நல்லம்மாள்.

"கால்சட்டையைக் கொண்டாடீன்னா கொண்டா!"

ஒரு காலை நுழைத்துவிட்டார். மறு காலைத் தூக்கியபோது வலி பிடித்தது. பிடிக்க வந்த நல்லம்மாள் கையில் கால்சட்டைதான் மிஞ்சியது. மாமா கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கித் தரையில் மல்லாந்துவிட்டார். முதுகு தரையில், கெண்டைக்கால் இரண்டும் கட்டிலின் மேல்.

"தூக்காதீங்க! ஒருத்தனும் என்னைத் தொடாதீங்க! இந்த வீட்டுல ஒரு மனுஷன் ஒரு கால்சட்டை போடறதுக்குப் பிடிச்சுக்க ஒழுங்கா ஒரு ஆள் உண்டா? மெத்தையை மடிச்சுப் போடத் தெரியுது, மனுஷனைப் பிடிக்கத் தெரியலை! டேய் விஜயா, பொம்மை மாதிரி ஏண்டா நிக்கறே?"

மூவரும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். மெத்தையில் இறங்கியதும், "அம்மா... ஐயோ... மெல்ல..." என்று துண்டு துண்டாகத்தான் பேச்சு வந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் ரமணியின் அம்மா மாரியாயி, கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியவள், ஒரு கையில் கருவாட்டுப் பொட்டலமும் மறு கையில் முருங்கைக் கீரையுமாக வாசலில் நின்றாள்.

"என்ன சம்பந்தியம்மா இது, அண்ணனுக்கு இன்னும் சரியாகலையா?"

நல்லம்மாளுக்கு இந்தக் கேள்வி போதும். பிளாஸ்திரி, எண்ணெய், நொச்சி, நாளை டாக்டர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மாரியாயி கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு பெருமை ஊறி வருவதை ரமணி பார்த்தாள். கண்ணைக் காட்டினாள். தலையை ஆட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து கைகூடக் கூப்பினாள்.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றாள் மாரியாயி. "மருந்தை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்களே! என் மக காலால பொறந்தவ இல்ல?"

நல்லம்மாள் ரமணியின் காலைத் திரும்பிப் பார்த்தாள்.

தலை முதலில் வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் எந்தப் பிடிப்பும் இறங்கிவிடும் என்பது அங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டிய சங்கதியல்ல. ரமணிக்கோ அது தெரிந்தது மட்டுமல்ல, அதுதான் அவளுடைய குழந்தைப் பருவமே. மற்றப் பெண்கள் பாண்டி ஆடிய ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் அவள் வீட்டு வாசலில் துறைமுகத்து மூட்டைத் தூக்கிகள் வரிசையாகக் குப்புறப் படுத்திருப்பார்கள். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடைமேல் போட்ட பலகையில் நடப்பது போல முதுகு முதுகாக நடந்து போவாள். வேர்வையும் புளித்த கள்ளும் கலந்த அந்த வாடை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவிடம் அவள் சேலை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் மட்டும் வாங்கியிருந்தாள்.

"அம்மா, நீ சத்தியம் பண்ணியே!"

"ஆபத்துக்குப் பாவம் இல்லடி."

"ஏம்மா ரமணி," என்றாள் நல்லம்மாள். குரலில் வியப்பை விடக் குறைதான் அதிகம். "இத்தனை நாளா அவர் கத்தற கத்தலைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

ரமணி பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து முழக்கம் வந்தது.

"மருமக கால்... என் முதுகுல... படறதா? அதுக்கு நான்... எஞ்சினுக்கு அடியிலயே போய்ப் படுத்துக்கறேன்!"

"அங்க படுக்கணும்னாலும் குனியணும். உங்களால முடியாது" என்றாள் நல்லம்மாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரம்மாவின் குரல் எழுந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. "அக்கா, நடுவுல பட்டுத்துணி போட்டா தோஷம் இல்லக்கா! மொதல்ல மாமனார் கால்ல விழுந்து கும்பிட்டுட்டு, அப்புறம் மிதிக்கணும்!"

"கும்பிட்ட கையோட மிதிக்கறதா? நல்லா இருக்குடி உன் மரியாதை!" என்றாள் நல்லம்மாள்.

"எங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்க. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்லா."

விஜயன் ரமணியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அழைத்துப் போனவனுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒரு தடவைதானே, ரமணி."

"இடுப்பு உங்கப்பாவோடது, கால் என்னோடது. உங்களுக்கென்ன, சொல்லிடலாம்."

"நாளைக்கு அவர் நடக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும். நான் மிதிச்சு, நாளைக்கு அவரால எழுந்திருக்கவே முடியாமப் போச்சுன்னா என்ன ஆகும்? அதையும் சொல்லுங்க. அப்ப யாரு கால்னு சொல்வாங்க?"

விஜயன் சாக்கடையைப் பார்த்தான். அதில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அதனிடமிருந்து ஏதாவது யோசனை கிடைக்குமா என்பது போல அவன் வெகுநேரம் நின்றான். இந்த மனிதருக்கு வாய் கொடுத்த சாமி பதிலையும் கூடக் கொடுத்திருக்கலாம் என்று ரமணிக்குத் தோன்றியது.

அவள் கோப்பி கலந்து எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. நல்லம்மாளும் மாரியாயியும் பட்டுத்துணி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அடுப்படியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா கோப்பியை வாங்கவில்லை. கூரையைப் பார்த்தபடி தணிந்த குரலில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. உன் கால்ல ஏதாச்சும் இருக்கா?"

"தெரியலை மாமா. சிலருக்குப் போயிருக்கு. சிலர் திரும்பி வரலை. வராதவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அம்மா கேட்டதில்லை."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"பல்வலி வந்திருக்கா உனக்கு? அந்த மாதிரிதான். ஆனா பல்லு கால் பூரா முளைச்சிருக்கு. கால் கட்டை விரல் இருக்கா இல்லையான்னு... பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். உங்க அத்தைகிட்டச் சொல்லிடாதே. அவ அதுக்கு வேற ஒரு இலையைக் கொண்டாந்து அரைப்பா."

இந்த மனிதர் பயந்து போயிருக்கிறார் என்பது ரமணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் கத்தியது அதை மறைக்கத்தான். அவர் துண்டு துண்டாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, காலையில் தரையில் கிடந்து அவர் திட்டிய திட்டு நினைவுக்கு வந்தது. ஒரு சொல்கூட அறுபடாத திட்டு.

"மாமா, காலையில கீழ விழுந்து, கால் ரெண்டும் கட்டில் மேல கிடந்துச்சே. அப்ப வலிச்சுதா?"

"வலிக்காம பின்னே..." என்று சீறத் தொடங்கியவர் நிறுத்தினார். யோசித்தார். "அப்ப கோபம்தான் இருந்துச்சு. வலி... தெரியலையே."

ரமணி எழுந்தாள். அடுப்படி வாசலில் போய் நின்று, தனக்கே புதிதாக இருந்த ஒரு குரலில் சொன்னாள்:

"முதுகை மிதிக்கிறது சாதாரணச் சுளுக்குக்கு. இது நரம்புக்குள்ள இறங்கின பிடிப்பு. இதுக்கு முறையே வேற. மெத்தை கூடாது. தரையில பாய் போடணும். மல்லாந்து படுக்கணும். முழங்காலை மடிச்சுக் கெண்டைக்கால் ரெண்டையும் பெட்டி மேல வெக்கணும். நான் மிதிக்கிறது பெட்டியைத்தான், மாமாவை இல்லை."

மாரியாயி வாயைப் பிளந்தாள். "ஏண்டி, கிள்ளான்ல எந்தக் காலத்துல நீ பெட்டியை..."

"அம்மா!"

அந்த வீட்டில் ரமணி குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாரியாயியின் வாய் தானாக மூடிக்கொண்டது. சுவருக்கு அப்பால் வீரம்மா, "அப்படியும் உண்டுக்கா, நான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள். அவள் கேள்விப்படாத விஷயம் உலகத்தில் இல்லை.

ரமணியின் கல்யாணத் தகரப்பெட்டி வந்தது. மாமாவைப் பக்கவாட்டில் சாய்த்து, மெல்லப் புரட்டி, பாயில் கிடத்தினார்கள். கால்கள் பெட்டிமேல் ஏறின. நல்லம்மாள் முழங்கால்மேல் மஞ்சள் துணி ஒன்றைப் போர்த்தினாள். ரமணி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வலது காலைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

வைத்த பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. எப்போது எடுப்பது என்று அவள் தீர்மானித்திருக்கவில்லை. எல்லாரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தால் போச்சு. ஒற்றைக் காலில் கொக்கு போல நின்றாள். இடுப்பு வலி என்றால் என்னவென்று அவளுக்கும் கொஞ்சம் புரிய ஆரம்பித்த சமயத்தில் ஒரு சத்தம் கேட்டது.

குறட்டை.

வலி வந்த நாளிலிருந்து இழுத்து மூச்சு விட்டு அந்த மனிதர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. நல்லம்மாள் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "குறட்டையைப் பாரு, குறட்டையை! ரெண்டு வீட்டுக்குக் கேக்கும்" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அவர் எழுந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி, விஜயன் தோளைப் பிடித்து நின்றார். குழாயடி வரை நடந்தார். திரும்பி வந்தார். மூச்சு வாங்கவில்லை, கத்தவில்லை. "சோறு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை ரமணி கனவில்கூட விரும்பியிருக்க மாட்டாள். வீரம்மா வாயிலிருந்து புறப்பட்ட செய்தி எந்த எக்ஸ்பிரஸ்ஸையும் தோற்கடித்துவிட்டு குவார்ட்டர்ஸ் முழுவதும் சுற்றி வந்தது. டிக்கெட் பரிசோதகரின் மனைவி இராஜம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தன் சொந்தப் பெட்டியையே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் மாரியாயி வரிசையைச் சரிசெய்து கொண்டிருந்தாள்.

"நரம்புக்குள்ள இறங்கினது எல்லாம் இந்தப் பக்கம் வாங்க. சாதாரணச் சுளுக்கு அந்தப் பக்கம். தள்ளாதீங்க, என் மக எங்கேயும் போயிட மாட்டா!"

"எனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்றாள் ரமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"புண்ணியம்டி. சும்மா காலை வெச்சுட்டுப் போ."

சாயங்காலம் மாரியாயி ரயிலுக்குக் கிளம்பியபோதுதான் ரமணிக்கு மூச்சு வந்தது. "சம்பந்தியம்மாவை நானே தெருமுனை வரைக்கும் வந்து அனுப்பறேன்" என்றார் மாமா. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அவர் நடக்க நடக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். "டிரைவரய்யா, நாளைக்கே வண்டி எடுக்கலாம் போலிருக்கே!" என்றார் ஒருவர். மாமா கையை உயர்த்தி, சிக்னல் இறங்கியதைப் பார்த்த டிரைவர் போலச் சிரித்தார்.

தெருமுனையில் விஜயன் மாமியாரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினான். மாமா தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுகிறவர் போல ஒரு கையால் மரத்தைப் பிடித்தார். கூடவே நின்ற ரமணி அவர் இடது காலைப் பார்த்தாள். ஆற்று நீரின் குளிர்ச்சியைச் சோதிக்கிறவன் போல அது தரையைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. அவர் கீழ் உதடு பல்லுக்குள் இருந்தது.

"மாமா!"

"சத்தம் போடாதே. பாதிக்கு மேல போயிருக்கும்மா, பொய் சொல்லலை. படுத்திருக்கும்போது தேவலை. நிக்கும்போதுதான்... மிச்சத்தை நாளைக்கு டாக்டர் முன்னால பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சமாளிச்சுடுவேன். நீ வீட்டுல சொல்லிடாதே."

"டாக்டர்கிட்டச் சமாளிச்சுடலாம். அப்புறம் எஞ்சின் மேல?"

"பிரேக்கு கையிலதானேம்மா இருக்கு."

"நிக்கறது கால்லதானே, மாமா."

ஸ்டேஷனிலிருந்து கிள்ளான் ரயில் ஊதிக்கொண்டு புறப்பட்டது. வேறு யாரோ ஓட்டுகிற ரயில். அதில் ரமணியின் அம்மா, வெறும் கையோடும் நிறைந்த மனத்தோடும் உட்கார்ந்திருப்பாள். அம்மாவைப் போல எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாரும் டிரைவரின் கட்டை விரலைப் பற்றி நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பியதும் மாமா தானாகவே பாயில் படுத்துக் கால்களைப் பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். ரமணி அடுப்படிக்குப் போனாள். நல்லம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வலி போகலை, இல்ல?"

ரமணி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வேட்டி கட்டறதுக்கு மரத்தைப் பிடிச்சுக்கற ஆளா அவரு? ஓடற எஞ்சின்ல நின்னுக்கிட்டு வேட்டி கட்டுவேன்னு பந்தயம் வெச்ச மனுஷன்." களைந்த தண்ணீரை ஓரமாக ஊற்றினாள். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு உங்கிட்டச் சொல்லியிருப்பாரு."

"அத்தை..."

"சொல்ல வேண்டாம். அவர் வாங்கின வாக்கு உங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

"டாக்டர் ரூமுக்குள்ள பொம்பளைங்களை விட மாட்டாங்க."

"விடலைன்னா வாசல்ல நின்னு சொல்றேன். எனக்குக் குரல் இல்லையா?"

"என்ன சொல்வீங்க?"

நல்லம்மாளின் கை நின்றது. அன்று முழுவதும் அந்த வாயிலிருந்து வந்த எரிச்சல் எல்லாம் எங்கோ வடிந்து போயிருந்தது.

"உள்ளதைச் சொன்னா வேலை போகும், ஆளு இருப்பாரு. ஷெட்டுல உக்காந்து செய்யற வேலை ஏதாச்சும் குடுங்கன்னு கேக்கலாம். குடுத்தாலும் குடுப்பாங்க, இல்லைன்னா கப்பல் ஏத்துவாங்க. சொல்லாம விட்டா வேலை இருக்கும்..." அதற்கு மேல் அவள் முடிக்கவில்லை. "அதைப் பாத்ததிலேருந்து மண்டை காயுது எனக்கு. நீ என்ன சொல்றே?"

காலையிலிருந்து ஊரே அவள் காலைத்தான் கேட்டது. நீ என்ன சொல்கிறாய் என்று அவளைக் கேட்டது அத்தை ஒருத்திதான்.

கூடத்தில் பெட்டி கிறீச்சிட்டது. மாமா காலை நகர்த்தி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ரமணி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, அத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அரிசியைப் போடுங்க அத்தை," என்றாள். "சொல்றேன்."